உரோம வரலாற்றில் வழுக்கையும் எள்ளலும்

ஆடவர் தலைமயிரைக் குஞ்சி என்றும், மகளிர் தலைமயிரைக் கூந்தல் என்றும் வேறு பிரித்து வழங்குவது தமிழ் மரபு. அக்குஞ்சி உதிருங்கால் ஆடவர் உள்ளம் படும் பாட்டினைக் கூறும் வரலாற்றுச் செய்திகள் சிலவே. உரோம வரலாறு தரும் மூவர் செய்திகளை ஈண்டு ஆராய்வோம்.

முதல்வர் சூலியசு சீசர். அவர் வரலாறு எழுதிய சுவெட்டோனியசு, பகைவர் எள்ளலுக்கு இடமாயிற்று என்பதனாலேயே வழுக்கை அவரை வருத்தியது என்பர். உச்சியில் எஞ்சிய மயிரை முன்னோக்கி வாரி மறைத்தார் சீசர். மன்றம் அளித்த சிறப்புகள் பலவற்றுள்ளும் எந்நாளும் வாகைமாலை சூடும் உரிமையையே பெரிதும் விரும்பினார். எனினும், கி.மு. 46-இல் நிகழ்ந்த வெற்றி விழாவில் அவர்தம் படைஞரே அவ்வழுக்கையைச் சுட்டி நகையாடிப் பாடினர்.

இரண்டாமவர் கி.பி. 81 முதல் 96 வரை ஆண்ட பேரரசர் தொமீசியன். பிறர் வழுக்கையை எவரேனும் நகைப்பினும் தம்மையே இகழ்ந்ததாகக் கொண்டு சினந்தவர் அவர். அவர் நாணயங்களோ மயிர் அடர்ந்த தலையையே காட்டுகின்றன. ஆயினும், மயிர் பேணுதல் பற்றி நூலொன்று இயற்றி, அதனைத் தம்மை ஒத்த வழுக்கைத் தலையராகிய நண்பர் ஒருவர்க்கு விடுத்து, இருவர்க்கும் ஆறுதல் கூறிக்கொண்டவரும் அவரே.

மூன்றாமவர் கி.பி. 400-ஐ ஒட்டி வாழ்ந்த சைரீனி நகரத்துச் சினீசியசு. தியோன் கிறிசோசுதோம் என்பார் இயற்றிய மயிர்ப்புகழ்ச்சிக்கு மறுப்பாக இவர் வழுக்கைப் புகழ்ச்சி என்னும் நூலைக் கிரேக்க மொழியில் இயற்றினார். உருண்டை வடிவே நிறைவுடையது, மயிர் உணர்வற்றது என்றெல்லாம் வாதிடும் அந்நூல் வெறும் சொல்விளையாட்டே எனக் கருதுவாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. மயிர் உதிரத் தொடங்கியபோது தம் நெஞ்சு புண்பட்டதையும், மகளிர் கண்ணுக்கு அழகு குன்றித் தோன்றத் தாம் செய்த பிழை யாதென வினவியதையும் அவர் தொடக்கத்திலேயே மறையாது உரைத்துள்ளார். நகைச்சுவையின் அடியில் உண்மைத் துயர் உண்டு.

இம்மூவர் வரலாற்றையும் ஒருங்கு நோக்குங்கால் ஓர் உண்மை புலனாகும். நண்பரிடம் தம் வழுக்கையைப் பற்றி அமைதியாகப் பேச இயன்ற தொமீசியன், பிறர் நகையைப் பொறுத்திலர். ஆதலின், ஆடவரை வருத்தியது மயிரிழப்பு மட்டும் அன்று. காண்பார் கண்ணும் நகைப்பார் நாவுமே ஆகும். வாகைமாலையும் அரசாணையும் அந்நகையைத் தடுக்க வலியற்றுப் போயின. தம் துயரைத் தாமே முன்வந்து உரைத்து, நகையையும் தமதாக்கிக்கொண்ட சினீசியசின் வழியே எஞ்சிய இருவர் வழியினும் சிறந்தது என்பது எம் துணிபு.