ரோசாப்பூ துரை

நடுவர் அவர்களே, கரிசல் காட்டு வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற எம்.ரெட்டியபட்டிப் பெருமக்களே!

நல்ல கிரிமினல் வக்கீலுக்கு முதலில் வேண்டியது வாய்த்திறமைதான் என்று எதிரணி நண்பர் பத்து நிமிஷம் வாயாலேயே நிரூபித்தார். வாய் எல்லாருக்கும் இருக்குய்யா! அதை யாருக்காகத் திறக்கிறோம் என்பதல்லவா கேள்வி?

சிலப்பதிகாரத்துக்கு வாருங்கள். கோவலனுக்கு வக்கீல் இல்லை. பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் நம்பினான், வெட்டிப் போட்டார்கள். அப்புறம் வந்தாள் கண்ணகி. அரசி சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம், உடைத்துக் காட்டினாள். ஒரே தடயம், வழக்கு முடிந்தது. ஆனால் கட்சிக்காரன் உயிரோடு இல்லையே! அந்தக் கேள்வியைத் தண்டனைக்கு முன்னாலேயே கேட்கிறவருக்குப் பேர்தான் வக்கீல்.

அப்படி ஒருவர் அதே மதுரையில் இருந்தார். வெள்ளைக்கார சர்க்கார் 1872-இல் சாட்சியச் சட்டம் போட்டது: குற்றம் சாட்டுகிறவன்தான் நிரூபிக்க வேண்டும். நல்ல சட்டம். அதற்கு முந்தின வருஷம், 1871-இல், குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டதே, அது என்ன சொன்னது? இன்ன கூட்டத்தில் பிறந்தாயா, நீ குற்றவாளி! ஒரே சர்க்கார், இரண்டு நாக்கு. 1911-இல் திருத்தி, சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தார்கள். நம்ம பக்கத்துப் பெரியவர்கள் இதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். ரேகை வைக்கணும், ராத்திரி போலீஸ் கண்காணிப்பில் படுக்கணும், வெளியூர் போகச் சீட்டு வாங்கணும். மறுத்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேருக்குக் குறையாமல் செத்தார்கள்.

அந்தக் கள்ளர் சமூக மக்களுக்காக மதுரைக் கோர்ட்டில் எழுந்து நின்றவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். 1887-இல் செங்கன்னூரில் பிறந்த மலையாளி, கிறிஸ்தவர். இந்த ஜனங்களோடு சாதியுமில்லை, சொந்தமுமில்லை. கோட்டில் ரோஜாப்பூ வைத்திருந்ததால் ஜனங்கள் ரோசாப்பூ துரை என்றார்கள். அவர் வாதத்தின் சாரத்தை நம்ம பேச்சில் சொன்னால் இதுதான்: இவன் பிறந்ததைச் சொல்லாதே; செய்ததைச் சொல்; நிரூபி!

ஜெயித்தாரா? 1938-இல் அவர் கண்ணை மூடியபோது சட்டம் உயிரோடுதான் இருந்தது. சென்னை மாகாணத்தில் அது நீங்கியது 1947-இல்; நாடு முழுக்க 1952-இல். எதிரணிக் கணக்குப்படி அவர் தோற்ற வக்கீல். ஆனால் அந்த ஜனங்கள் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பேர் வைத்தார்களே! மழை நிச்சயம் என்று தெரிந்தா மானாவாரியில் விதைக்கிறோம்?

இன்றைக்கும் ஜீப்பில் ஏற்றப்பட்டவனைப் பார்த்து, “இவன்தான் செஞ்சிருப்பான், அவன் வம்சமே அப்படி” என்கிறோமே, அந்த வாய்க்குள்ளே 1871 உட்கார்ந்திருக்கிறது. ஊரே அப்படிச் சொல்லும்போது ஒற்றை ஆளாக எழுந்து “நிரூபி” என்று கேட்கிற துணிவு இருக்கே, அதுதான் வக்கீலுக்கு அழகு. வாய்த்திறமை அந்தத் துணிவுக்கு வேலைக்காரன்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். பாண்டியன் மாதிரி இல்லாமல், எங்களையும் விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள்!