இருட்டில் ஒரு பச்சைப் புள்ளி

ஷூட்டிங் கேம் விளையாடுறவங்க ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்திப் பாருங்க. பிஸ்டல் எடுத்து குறி பார்த்தா கண்ணுக்கு முன்னாடி மூணு பச்சைப் புள்ளி தெரியும். பக்கத்துல ரெண்டு, அதுக்கு நடுவுல, குழல் முனையில ஒண்ணு. ரொம்ப நாளா அது கேம் டிசைனர் போட்ட அலங்காரம்னுதான் நினைச்சிட்டு இருந்தேன். இல்லை. நிஜ பிஸ்டல்லயும் அது இருக்கு. குழல் முனையில இருக்கிற அந்தப் புள்ளியைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

முதல்ல அது எதுக்குன்னு பார்த்துடலாம். காலேஜ்ல என்.சி.சி. கேம்ப்ல ஒரே ஒரு தடவை .22 ரைபிள் சுட்டிருக்கேன். அங்க இருந்த ஹவில்தார் சொன்னது இன்னும் காதுல இருக்கு: "முன்னாடி இருக்கிற டிப்பை மட்டும் பாரு தம்பி. டார்கெட் மங்கலா தெரிஞ்சா தெரியட்டும்." நம்ம கண்ணு ஒரு நேரத்துல ஒரு தூரத்துக்குத்தான் ஃபோகஸ் பண்ணும். பின்குறி, முன்குறி, இலக்கு மூணும் வேற வேற தூரத்துல இருக்கு. அதனால முன்குறியைத் தெளிவா வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் மங்க விட்டுடணும். பிஸ்டல்ல குழல் குட்டை, முன்குறி ஒரு மயிரிழை விலகினாலே குண்டு எங்கயோ போயிடும்.

சிக்கல் என்னன்னா, அந்த முன்குறி கறுப்பு இரும்பு. சாயங்காலம் ஆறரை மணிக்கு, கறுப்பு பின்னணியில கறுப்பு முனை தெரியவே தெரியாது. வேட்டைக்காரர்கள் தந்தத்துலயும் பித்தளையிலும் சின்ன மணி பொருத்தினார்கள். வீட்டிலேயே வேலையை முடிக்க நினைத்தவர்கள் வெள்ளை பெயிண்டோ நெயில் பாலிஷோ ஒரு சொட்டு வைத்தார்கள். இன்றைக்கும் பலர் அடியில் வெள்ளை பூசி, அது காய்ந்த பிறகு மேலே பளிச்சென்ற ஆரஞ்சு அடிக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் கொஞ்சமாவது வெளிச்சம் இருந்தால்தான் உதவும். முழு இருட்டுக்கு, தானே ஒளிரும் பெயிண்ட் வேணும்.

அந்த பெயிண்ட் முதல் உலகப்போர் காலத்தில் பெரிய அளவில் வந்தது. ரேடியத்தை துத்தநாக சல்பைடு பொடியோடு கலந்தால், ரேடியத்தின் கதிர்கள் மோதி அந்தப் பொடி பச்சையாக மின்னும். வெயிலில் வைக்க வேண்டாம், பேட்டரி வேண்டாம். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் ஆரஞ்சு என்ற ஊரில், பின்னாளில் யு.எஸ். ரேடியம் கார்ப்பரேஷன் ஆன நிறுவனம், இதை 'அன்டார்க்' என்ற பெயரில் விற்றது. ராணுவ வாட்ச், விமானக் கருவிகள், போர் முடிந்த பிறகு வீட்டு நம்பர், லைட் ஸ்விட்ச், பொம்மையின் கண், பிஸ்டல் குறி. நம்ம ஊர்ல பைக் பின்னாடி ஒட்டுறதை "ரேடியம் ஸ்டிக்கர்"னு சொல்றோமே, அதுல துளி ரேடியம் கிடையாது. இதுல நிஜமாவே இருந்தது.

இதை யார் பூசினார்கள்? பெரும்பாலும் பதின்வயதுப் பெண்கள். அதிகமும் வாட்ச் டயல்கள்தான், ஒரு நாளைக்கு சுமார் 250. இத்தனை சின்ன எண்ணை எழுத பிரஷ் முனை ஊசி மாதிரி இருக்கணும். அதனால் உதட்டில் வைத்துக் கூராக்கு, பெயிண்டில் தோய், எழுது என்று கற்றுக்கொடுத்தார்கள். துணியில் துடைத்தால் விலையுயர்ந்த ரேடியம் வீணாகும். ஆபத்தில்லை என்றும் சொன்னார்கள். அந்தப் பெண்கள் விளையாட்டாக நகத்திலும் பல்லிலும்கூடப் பூசிக்கொண்டார்கள். ராத்திரி வீட்டுக்குப் போகும்போது தலைமுடியும் உடையும் மின்னும்.

அதே கட்டடத்தில் வேதியியலாளர்கள் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நின்று, இடுக்கியால்தான் ரேடியத்தைத் தொட்டார்கள். இதைப் படிச்சப்போ கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வச்சுட்டேன். தெரியாமல் நடந்த தப்பு என்று சொல்ல வழியே இல்லை. ஒரே பொருளுக்கு ரெண்டு பாதுகாப்பு விதி இருந்தது.

உடம்பு ரேடியத்தை கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துவிடும். முதலில் பல் விழும், பிறகு தாடை அழுகும். மோலி மேகியா 1922இல் இறந்தார், சான்றிதழில் சிஃபிலிஸ் என்று எழுதினார்கள். 1927இல் உடலைத் தோண்டி எடுத்தபோது எலும்புகளில் கதிரியக்கம் இருந்தது. சிஃபிலிஸுக்கு அடையாளமே இல்லை. 1924இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கொடுத்த பாதகமான அறிக்கையை நிறுவனம் திரித்து, பெண்கள் நலமாக இருப்பதாக மாநில தொழிலாளர் துறைக்குச் சொன்னது.

கிரேஸ் ஃப்ரையர் என்ற பெண் 1920இலேயே வேலையை விட்டு வங்கிக்குப் போய்விட்டார். நோய் கூடவே போனது. முதுகெலும்பு நிற்க இரும்புப் பட்டை போட வேண்டியிருந்தது. வழக்கு எடுத்துக்கொள்ள வக்கீல் கிடைக்கவே ரெண்டு வருஷம் ஆனது. 1927இல் ரேமண்ட் பெரி என்ற இளம் வக்கீல் எடுத்தார். கிரேஸோடு சேர்த்து ஐந்து பெண்கள். பாதிப்பு நடந்து ரெண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடவில்லையே என்பதுதான் நிறுவனத்தின் வாதம். நோய் வெளியே தெரியவே அதைவிட அதிக வருஷம் ஆகும்! 1928 ஜனவரியில் சாட்சி சொல்ல வந்தபோது, சிலரால் சத்தியம் செய்யக் கையைத் தூக்கக்கூட முடியவில்லை. ஜூனில் சமரசம். ஆளுக்கு 10,000 டாலர், வருஷத்துக்கு 600 டாலர், மருத்துவச் செலவு. அந்த பெயிண்டை உருவாக்கிய சபின் வான் சோகோக்கியும் அதே வருஷம் ரத்தசோகையில் இறந்தார். கிரேஸ் 1933 வரை இருந்தார்.

ரேடியம் பெயிண்ட் உடனே ஒழிந்துவிடவில்லை, 1960கள் வரை வாட்ச்களில் இருந்தது. இப்போ பிஸ்டல் குறியில் இருப்பது டிரிட்டியம். சின்னக் கண்ணாடிக் குழாயில் அடைத்த வாயு, அதன் பலவீனமான கதிர் கண்ணாடியைத் தாண்டாது. அரை ஆயுள் 12.3 வருஷம். அதாவது பன்னிரண்டு வருஷத்தில் புள்ளி பாதி மங்கிடும், புதுசு மாத்திக்கணும்.

ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 வருஷம். அந்தக் காலத்துப் பழைய குறிகளையும் டயல்களையும் இப்போ இருட்டில் பார்த்தால் ஒன்றும் மின்னாது. கதிர் பட்டுப் பட்டு துத்தநாக சல்பைடு சிதைந்துபோய்விட்டது. ரேடியம் மட்டும் அப்படியே இருக்கிறது. கைகர் கவுண்டரைப் பக்கத்தில் கொண்டுபோனால் டிக் டிக்கென்று கத்தும்.