ஜீப்பின் இரும்புச் சக்கரம்

1940ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி மாலை, குறித்த கெடுவுக்கு அரைமணி நேரம் முன்னதாக, பென்சில்வேனியாவின் பட்லர் நகரத்திலிருந்து மேரிலாந்திலுள்ள ஹோலாபேர்ட் ராணுவ முகாமுக்கு வந்து சேர்ந்த பாண்டம் கம்பெனியின் சிறு வண்டியைப் பற்றியும், அதை 49 நாட்களுக்குள் வரைந்து செய்து முடித்த சாகசத்தைப் பற்றியும், ஜீப்பின் சரித்திரம் எழுதிய எவரும் சொல்லாமல் விடுவதில்லை. டொலீடோ நகரத்து வில்லிஸ்-ஓவர்லாண்ட் கம்பெனியும் ஃபோர்டு கம்பெனியும் யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளை உற்பத்தி செய்த விவரமும் பிரசித்தமானதே. ஆனால் அவ்வண்டிகளைச் சேற்றிலும் மணலிலும் சுமந்து சென்ற இரும்புச் சக்கரத்தைப் பற்றி அவர்கள் ஒரு வரி எழுதினாலே அதிகம். அந்தச் சரித்திரத்தை அறிந்துகொள்ள வேண்டுமானால், பழைய ஜீப் ஒன்றைக் கழற்றித் துரு சுரண்டிப் புதுப்பிக்கிற பட்டறைக்காரரிடந்தான் போகவேண்டும்.

1941 நவம்பரில் வெளிவரத் தொடங்கிய முதல் வில்லிஸ் எம்.பி. வண்டிகளுக்கு, கெல்ஸி-ஹேய்ஸ் கம்பெனி செய்த, ஒரே துண்டாக அமைந்த சாதாரண இரும்புச் சக்கரமே பொருத்தப்பட்டிருந்தது. இவ்வகைச் சக்கரத்தின் ரிம்மில், நடுவே ஒரு பள்ளம் சுற்றிவர ஓடும். டயரின் விளிம்பை ஒரு பக்கம் அந்தப் பள்ளத்தில் இறக்கினால்தான் மறுபக்கத்தை நெம்பி ஏற்ற முடியும். டயரை மாட்டுவதற்கு இவ்வளவு அனுகூலமான அந்தப் பள்ளமே யுத்தகளத்தில் விரோதியாக மாறியது: குண்டு பட்டுக் காற்று இறங்கியதும், டயரின் விளிம்பு தானே பள்ளத்தில் சரிந்து, வண்டி சிறிது தூரம் ஓடுவதற்குள் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். பஞ்சரானால் ஓரமாக நிறுத்திச் சக்கரம் மாற்றிக்கொள்ள அவகாசம் இருக்கிற நாட்டுச் சாலையில் இது வெறும் சங்கடம். எதிரியின் பீரங்கிக்கு எதிரே நிற்பவனுக்கோ பிராணாபத்து.

இதற்குப் பரிகாரமாக 1942இன் தொடக்கத்தில் வந்ததுதான் ‘காம்பட் வீல்’ என்ற யுத்தச் சக்கரம். இதில் ரிம் தேங்காய் மூடிபோல் இரண்டு பாதிகளாகப் பிரியும். எட்டு நட்டுகள் அவற்றை இணைத்து நிறுத்தும். டயருக்குள்ளே ஓர் இரும்பு வளையம், இரண்டு விளிம்புகளையும் ரிம்மின் சுவரோடு நெருக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். காற்று முற்றும் போன பிறகும் டயர் கழலாது. டயர் நாசமானாலும் வண்டி ஆபத்தைத் தாண்டிவிடும். எடை கூடியது, வேலை அதிகரித்தது என்பவை வாஸ்தவமே. எனினும், அந்த ஜீப்பில் எத்தனையோ உபாயங்கள் இருக்க, மனித உயிரை நேராக மனத்தில் வைத்துச் செய்தது இதுவே என்பது என் அபிப்பிராயம்.

யுத்தம் முடிந்ததும் இந்தச் சக்கரத்தின் பிரயோசனமும் முடிந்தது. 1945இல் விவசாயிகளுக்காக வில்லிஸ் வெளியிட்ட சி.ஜே.-2ஏ வண்டி பழைய ஒற்றைத் துண்டுச் சக்கரத்துக்கே திரும்பியது. அதோடு மங்கிய ராணுவப் பச்சையும் மறைந்து, பசும்புல் நிற வண்டிக்கு மஞ்சள் சக்கரம், பழுப்பு நிற வண்டிக்குச் சிவப்புச் சக்கரம் என்று கண்ணைப் பறிக்கும் அலங்காரங்கள் வந்தன. ஆகவே, பழைய சக்கரம் ஒன்றை உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்துவரும்போது, பின்னால் வந்தவர்கள் அடித்த பூச்சுகளுக்கு அடியில் மஞ்சள் தென்படுகிறதா, மங்கிய பச்சை தென்படுகிறதா என்று பார்த்தே, அது வயலில் பிறந்ததா, பாசறையில் பிறந்ததா என்பதை ஒருவாறு ஊகிக்கலாம். இதை அறியாமல் எடுத்த எடுப்பில் மணல் வீசி வெள்ளை இரும்பாக்கிவிடுகிறவர்கள் உண்டு. அதுபோலவே, 1941ஆம் வருஷத்து வண்டிக்குக் கம்பீரமாக இருக்கிறதென்று யுத்தச் சக்கரத்தை மாட்டிக் கண்காட்சிக்குக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. இரண்டுமே சரித்திரத்துக்குச் செய்யும் துரோகந்தான்.

பூச்சைப் படித்து முடித்த பிறகு துருவை முழுவதும் அகற்றத்தான் வேண்டும். முக்கியமாக, ட்யூப் உராயும் உட்புறத்திலும், தண்ணீர் புகுந்து தங்கும் இரண்டு பாதிகளின் இடுக்கிலும். ஹப்பில் மாட்டும் ஐந்து துளைகளைச் சுற்றி விரிசல் ஓடியிருந்தாலும், துளை நீண்டு கோணியிருந்தாலும், வெல்டிங் வைத்துச் சமாளிக்கும் எண்ணமே கூடாது; அந்தச் சக்கரத்தைக் காட்சிப்பொருளாகச் சுவரில் மாட்டிவிடலாம். துருத் தடுக்கும் பிரைமருக்கு மேல் பெயிண்ட் அடிக்கையில், ஹப்போடு ஒட்டும் முகத்திலும் நட்டு அமரும் சரிவிலும் கனமாகப் படியவிடக் கூடாது. அங்கே படிந்த பூச்சு ஓட்டத்தில் நசுங்கித் தேய, முறுக்கிய நட்டு தானே தளர்ந்துவிடும். எவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தாலும், சிறிது தூரம் ஓட்டியபின் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்ப்பது அவசியம். அப்படி முறுக்கும்போது இடப்பக்கச் சக்கரங்களில் புதியவர் ஒருவர் திகைத்துப்போவார். சுழற்சியின் வேகத்தில் நட்டு கழன்றுவிடும் என்ற அக்காலத்து அச்சத்தால், அந்தப் பக்கத்து நட்டுகளுக்கு இடப்புற மரை வெட்டியிருக்கிறார்கள். நாம் இறுக்குவதாக நினைத்துத் திருப்புவது உண்மையில் கழற்றுவதாகும்.

1947க்குப் பிறகு மகிந்திரா கம்பெனி பம்பாயில் வில்லிஸ் ஜீப்பை இணைத்துக் கட்டத் தொடங்கியதால், இந்த வம்சத்துச் சக்கரங்கள் நமக்கும் அந்நியமல்ல. யுத்தகால ஜீப் அணிந்த 6.00-16 என்ற அளவுள்ள டயர் இன்றும் நம் ஊர் டிராக்டர்களின் முன்சக்கரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கேனும் ஒரு பழைய கொட்டகையில் இரண்டு பாதிகளாலான யுத்தச் சக்கரம் கிடைக்கப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த எட்டு நட்டுகள் தாங்கி நிற்பது டயருக்குள் அடைபட்ட காற்றின் முழு வேகத்தையும். காற்றிருக்கும்போது அவற்றைத் தளர்த்தினால் ரிம்மின் பாதி பறந்து வந்து ஆளையே கொன்றுவிடும். வால்வு பின்னைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றிய பிறகே அவற்றில் ஸ்பேனரை வையுங்கள்.