ஏழாம் வருஷக் கடன்

ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாக் கைமாத்தும் தள்ளுபடின்னு ஒரு சட்டம் இருந்தா எப்படி இருக்கும்? வாங்கினவனுக்குக் கொண்டாட்டம்தான். ஆனா ஆறாவது வருஷம் எவன் கடன் கொடுப்பான்? பழைய யூதர்கள் நிஜமாவே இந்தச் சிக்கலில் மாட்டிக்கிட்டாங்க.

யூத வேதப்படி ஏழாவது வருஷத்துக்கு 'ஷ்மிட்டா' என்று பேர். விட்டுவிடுதல்னு அர்த்தம். இஸ்ரேல் மண்ணில் அந்த வருஷம் உழவும் இல்லை, விதைப்பும் இல்லை. தானா விளைஞ்சதை ஏழைகள் எடுத்துக்கலாம். ஜூலியஸ் சீசரே அந்த வருஷம் அவர்களுக்கு வரி விலக்கு கொடுத்ததாக ஜோசபஸ் எழுதியிருக்கிறார்.

உபாகமம் 15-ம் அதிகாரம் கடனையும் இதில் சேர்க்கிறது. ஏழாம் வருஷ முடிவோடு சக யூதனிடம் பாக்கி கேட்கிற உரிமை போச்சு. வருஷம் நெருங்குதேன்னு ஏழைக்குக் கையை மூடிக்காதே என்று எச்சரிக்கையும் அங்கேயே இருக்கு. ஆனா ஜனங்க மூடிக்கிட்டாங்க. விதை நெல்லுக்குக்கூட வழியில்லாம நின்னது யாரு? எந்த ஏழைக்காகச் சட்டம் வந்ததோ, அவனேதான்.

ஏரோது மன்னன் காலத்தில் வாழ்ந்த ஹில்லேல் என்ற அறிஞர் இதுக்கு ஒரு வழி செஞ்சார். பேரு 'ப்ரோஸ்புல்'. கடன் கொடுத்தவர் தன் பாக்கிகளை நீதிபதிகள் கையில் ஒப்படைத்து ஒரு பத்திரம் எழுதணும். தனி ஆள் நெருக்குவதைத்தான் வேதம் தடுக்குது. நீதிமன்றம் வசூலிப்பதை இல்லை. அதனால கடன் உயிரோடு இருக்கும். வாங்கினவருக்குக் கொஞ்சமாவது நிலம் இருக்கணும்னு ஒரு நிபந்தனை. இல்லைன்னா? கொடுத்தவரே தன் நிலத்தில் ஒரு துளி கொடுத்துடலாம் என்கிறது மிஷ்னா!

வாடி முரப்பாத் குகையில் நீரோவின் இரண்டாம் ஆண்டு (கி.பி. 55-56) கடன் பத்திரம் ஒன்று கிடைச்சிருக்கு. ஓய்வு வருஷமா இருந்தாலும் திருப்பித் தருவேன்னு அதில் எழுதிக் கொடுத்திருக்கார் ஒருத்தர். அந்த உறுதி இல்லாம பணம் பேரலைன்னு தெரியுது.

இது வேதத்தையே ஏமாத்துற வேலை இல்லையா என்று கேட்கலாம். கடனை விட்டுடு என்பதும் வேதம், கையை மூடாதே என்பதும் வேதம். ரெண்டும் சேர்ந்து நடக்காதபோது ஹில்லேல் ஏழையின் பக்கம் நின்னார். அவ்வளவுதான்.

மிஷ்னா இன்னொண்ணும் சொல்லுது. தள்ளுபடியான கடனை ஒருத்தர் கொண்டுவந்தா, "நான் விட்டுட்டேன்"னு சொல்லணும். அவர் "பரவாயில்லை, வெச்சுக்குங்க"ன்னா வாங்கிக்கலாம். அப்படித் திருப்பிக் கொடுக்கிறவரைப் பார்த்துப் பெரியவங்க மனசு குளிருமாம்.