மைதான்

மைதான், இந்தியக் கால்பந்து அணியின் பயிற்சியாளராக இருந்த சையத் அப்துல் ரஹீமின் வாழ்க்கையைச் சொல்லும் இந்தித் திரைப்படம். அமித் சர்மா இயக்கிய இப்படம் 2024 ஏப்ரலில் ரம்ஜானையொட்டித் திரைக்கு வந்தது. ரஹீமாக அஜய் தேவ்கனும் மனைவி சாய்ராவாகப் பிரியாமணியும் நடித்தனர், இசை ஏ. ஆர். ரஹ்மான்.

ரஹீம் 1909இல் பிறந்த ஹைதராபாத்காரர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1943இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார். அவரிடம் பயின்ற ஹைதராபாத் நகரக் காவல்துறை அணி, 1950 முதல் 1954 வரை ரோவர்ஸ் கோப்பையைத் தொடர்ந்து ஐந்து முறை வென்றது. அவரது பயிற்சியில் 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் இந்தியா ஈரானை 1–0 என வென்று தங்கம் பெற்றது. மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 எனத் தோற்றது. நம் வீரர்கள் பலர் வெறுங்காலுடன் ஆடினர். படம் இந்தத் தோல்வியிலிருந்துதான் தொடங்குகிறது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நெவில் டிசோசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் அடிக்க, இந்தியா நான்காம் இடம் வரை சென்றது. 1960 ரோமில் பிரான்ஸோடு சமன் செய்தும் முதல் சுற்றைத் தாண்டவில்லை.

ரோமுக்குப் பிறகு ரஹீம் பதவி இழப்பதாகவும், நுரையீரல் புற்றுநோயோடு திரும்பி வருவதாகவும் கதை நகர்கிறது. அவரை எதிர்ப்பவர்கள் இந்தியக் கால்பந்துச் சம்மேளன அதிகாரிகளும் ராய் சௌத்ரி என்ற பத்திரிகையாளரும். கஜராஜ் ராவ் நடித்த அந்தப் பத்திரிகையாளர் கற்பனைப் பாத்திரம். ஹைதராபாத்துக்கும் கல்கத்தாவுக்கும் இடையிலான பழைய கால்பந்துப் போட்டியை ஓரிரு வில்லன்களின் தலையில் ஏற்றியதே படத்தின் பலவீனம். இதற்கு மாறாக, கால்பந்துப் பயிற்சியாளர் பிரையன் கிளஃப் 1974இல் லீட்ஸ் அணியில் 44 நாளில் பதவி இழந்ததைச் சொல்லும் ‘தி டேம்ட் யுனைடெட்’ (2009) படம், நாயகனின் வாய்த்துடுக்கையும் கணக்கில் சேர்க்கிறது. மைதானில் ரஹீமுக்கு இருக்கும் ஒரே குறை, விரலிடுக்கை விட்டு நீங்காத சிகரெட்.

படம் உயிர் பெறுவது 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில். இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அனுமதிக்காததை இந்திய நிர்வாகி ஜி. டி. சோந்தி கண்டித்ததால் உள்ளூர் ரசிகர்கள் கொதித்திருந்தனர். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2–0 எனத் தோற்ற இந்தியா, செப்டம்பர் 4 அன்று இறுதிப் போட்டியில் அதே அணியைச் சந்தித்தது. தலையில் தையலோடு இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்களத்துக்கு மாற்றியிருந்தார். பி. கே. பானர்ஜி முதல் கோலையும் ஜர்னைல் அடுத்ததையும் அடித்தனர். கோல் கம்பத்தைக் காத்தவர், மெட்ராஸ் ரெஜிமெண்ட் மைய அணியில் வளர்ந்த தமிழர் பீட்டர் தங்கராஜ். 2–1 என்ற அந்த வெற்றிக்குப் பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதில்லை. ரஹீம் 1963 ஜூனில் காலமானார்.

படத்தின் பிறப்பும் சுலபமாக இல்லை. படப்பிடிப்பு 2019இல் தொடங்கியது. மனைவி வேடத்துக்கு முதலில் ஒப்பந்தமானவர் கீர்த்தி சுரேஷ். மும்பையில் போட்ட மைதான செட், கொரோனா ஊரடங்கால் பிரிக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்டது. 2021 மே மாதத்தில் டவ்தே புயல் அதையும் சிதைத்தது. வெளியீட்டுத் தேதி பலமுறை தள்ளிப்போனது. கடைசி நேரத்தில், கதை தன்னுடையது என்று ஒருவர் தொடுத்த வழக்கில் மைசூரு நீதிமன்றம் தடை விதிக்க, கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. விமர்சகர்களின் பாராட்டு கிடைத்தும், ‘படே மியான் சோட்டே மியான்’ படத்தோடு ஒரே சமயத்தில் வெளியான மைதான் வசூலில் தோற்றது.