கோட்டைத் தேவாலயமும் வன்னி யானைகளும்

யாழ்ப்பாணக் கோட்டையினுள் 1706இல் ஒல்லாந்தர் எழுப்பிய சிலுவை வடிவத் தேவாலயம், 1990ஆம் ஆண்டு கோட்டையைச் சூழ்ந்து நிகழ்ந்த போரிற் சிதைந்தது. இன்று அங்கு செல்வோர் காண்பது இடிபாடுகளையே. அதனைக் கட்டடக்கலையின் இழப்பாக மட்டும் நோக்குவது போதுமானதன்று. அக்கட்டடத்தை எழுப்பிய ஆட்சியின் பொருளாதார அடித்தளம் யாதென்பதும் ஆராயப்படல் வேண்டும்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஒரு வணிக நிறுவனம். யாழ்ப்பாணத்தில் அதன் முக்கிய வருவாய்களுள் யானை வணிகமும் ஒன்று. வன்னியர் தலைவர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்தக் கடமைப்பட்டிருந்தனர். காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஆனையிறவைக் கடந்து குடாநாட்டை அடைந்தன. இந்திய வணிகர் அவற்றை வாங்கிச் சென்றனர். குடாநாட்டு மக்களிடம் கட்டாய ஊழியம் பெறப்பட்டது.

திறை தொடர்பான முரண்பாடு முற்றி, 1782இல் கம்பனி வன்னிமீது படையெடுத்தது. அவ்வெதிர்ப்பைத் தலைவர்களின் வீரமாக மட்டும் போற்றுதல் தகாது. திறை செலுத்தியோர் தலைவர்கள். யானை பிடித்த உழைப்போ குடிகளுடையது.

தேவாலயத்தின் தளத்திற் கம்பனி அதிகாரிகளின் கல்லறைக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. யானை பிடித்தோர், ஊழியஞ் செய்தோர் பெயர்களுக்கு அங்கு இடமிருக்கவில்லை. புனரமைப்புப் பணி கோட்டையின் கற்களை மீட்கலாம்; அம்மக்களை மீட்பது வரலாற்றாய்வின் கடமையாகும்.