செக்ரோலில் பேர் விழாத நாட்கள்

வேலையைப் பற்றி நாம எல்லாரும் நம்புற ஒரு கணக்கு உண்டு. அதிக நேரம் வேலையில் இருப்பவர்தான் அதிகம் உழைப்பவர், வராதவர் சோம்பேறி. ஆபீஸ் கதை வழியா இதைப் பேசினா நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச பேச்சாத்தான் இருக்கும். அதனால இந்த எபிசோடுல சேலத்துக்கு மேலே ஏறுவோம். ஏற்காடு, செம்மநத்தம் எல்லாம் இருக்கிற சேர்வராயன் மலைக்கு.

இந்த மலையின் மக்கள் மலையாளிகள். கேரளம் இல்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூணு பேர்ல பெரியவர் சேர்வராயனுக்கும் மற்ற இருவர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனதா அவங்க மரபுக்கதை சொல்லுது. சமவெளியான இடத்தில் ஏர் ஓட்டுவாங்க, சரிவில் மண்வெட்டியால் கொத்தி விதைப்பாங்க. சாமை, கேழ்வரகு, திணை. அதோட ஆடு மாடு, காட்டுல தேன், கிழங்கு.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். அதற்குப் பின்னால வெள்ளைக்காரத் தோட்டங்கள் வந்தன. தோட்டத்தோட ஒரு நோட்டும் வந்தது. அதுதான் செக்ரோல். காலையில் ஆட்களை நிறுத்தி எண்ணி, வந்தவருக்குப் பேர் போடுவாங்க. முழு நாள் நின்னா ஒரு பேர், பாதியில் போனா அரைப் பேர். தோட்டத் தமிழில் கூலி நாளுக்கே 'பேர்'னுதான் பெயர்.

இப்ப ஒரு மலையாளிக் குடும்பத்தை நினைச்சுப் பாருங்க. காப்பிப் பழம் சிவக்க ஆரம்பிக்கிறது கார்த்திகை, மார்கழியில். தோட்டத்துக்கு ஆள் ரொம்பத் தேவைப்படுற நேரம். ஆனா கேழ்வரகு அறுப்பும் ஏறக்குறைய அப்பத்தான். ரெண்டு நாள் தள்ளினா மணி கொட்டிடும், குருவி தின்னுடும், மழை வந்தா கதிர் முளைச்சிடும். வருஷத்துச் சாப்பாடு அது. அந்த வாரம் தோட்டத்துக்குப் போகாம தன் காட்டில் விடியலிலிருந்து இருட்டும் வரை அறுத்தவருக்கு செக்ரோலில் பேர் இல்லை. நோட்டை மட்டும் பார்ப்பவருக்கு அவர் அன்னைக்கு வேலையே செய்யலை.

காலனியக் காலத்துல ஆசியா முழுக்க எழுதப்பட்ட பதிவுகளில் உள்ளூர் மக்களைப் பற்றித் திரும்பத் திரும்ப வர்ற சொல் 'சோம்பேறி'. சையத் ஹுசைன் அலடாஸ் 1977ல் இதைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். மலாய், ஜாவா, பிலிப்பைன்ஸ் மக்களைப் பற்றியது. வயலிலும் கடலிலும் உழைத்துக்கொண்டிருந்த மலாய்க்காரருக்கு அந்தப் பட்டம் கிடைச்சதற்கு முக்கியக் காரணம், அவர் தோட்டக்கூலியாகப் போக மறுத்ததுதான் என்கிறார். எனக்கு அந்த வாதம் நம்ம மலைகளுக்கும் பொருந்துறதாகவே படுது.

தோட்டத்துக்குக் கட்டாயம் ஆள் வேணும். அதனால கங்காணி கீழ்நாட்டு ஊர்களுக்கு இறங்கி, முன்பணம் கொடுத்து ஆள் கூட்டிவந்தார். வந்தவர்கள் தாங்க முடியாம ஓடினா? 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டம் இருந்தது. முன்பணம் வாங்கிட்டு வேலையை விட்டவரை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தலாம். திரும்பி வரவும் மறுத்தா மூணு மாசம் வரை சிறை. தென்னிந்தியத் தோட்டங்களுக்கென்றே 1903ல் சென்னை மாகாணம் தனியாக ஒரு சட்டமும் போட்டது. சோம்பேறித்தனத்தைச் சரிசெய்ய ஜெயில் வேண்டியிருந்ததுன்னா, பிரச்சினை சோம்பேறித்தனமா, கூலியான்னு கேட்கத் தோணுது.

சரி, பேர் விழுந்த நாளிலாவது கணக்கு சரியா இருந்ததா? காப்பிப் பழம் எடுக்கிறதையே பாருங்க. ஒரே கிளையில் சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் ஒண்ணா இருக்கும். பழுத்ததை மட்டும் விரலால் பிரிச்சு எடுக்கணும். பத்து பன்னிரண்டு நாள் கழிச்சு அதே செடிக்கு மறுபடி வரணும், இப்படி மூணு நாலு சுற்று. ஆனா கூலி எடைக்கு. ஒரு நாளைக்கு இவ்வளவு கிலோ, அதுக்கு மேலே எடுத்தா கூடுதல் காசு. எடையைக் கூட்ட சுலபமான வழி, கிளையை ஒரே உருவாக உருவிடறது. சாக்கு சீக்கிரம் நிறையும், தராசு முள் நல்லா இறங்கும். பச்சைக் காய் பல்ப்பரில் சரியா உரியாது. அந்தக் கொட்டை வறுத்த பிறகும் வாயில் புல் மாதிரி துவர்க்கும். அஞ்சாறு கிலோ பழம் சேர்ந்தாத்தான் ஒரு கிலோ காப்பிக்கொட்டை. அதுல கொஞ்சம் பச்சை கலந்தாலும் மொத்தத்துக்கும் விலை இறங்கும். தராசு முன்னாடி முதல் ஆளாக நிற்பவர் தோட்டத்துக்கு நஷ்டம் கொடுத்தவராகவும் இருக்கலாம்.

நேரக் கணக்கும் இதே கதைதான். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலில் வாரத்துக்கு 54 மணி நேரம் வரை அனுமதித்தது. 1981 திருத்தம் அதை 48 ஆக்கியது. இப்ப மறுபடியும் வாரம் 70 மணி நேரம் உழைக்கணும்னு 2023ல் நாராயண மூர்த்தி சொன்னார். அந்த எண்ணைக் கேட்டதும் எனக்கு முதல் உலகப்போர் காலத்து பிரிட்டிஷ் ஆயுதத் தொழிற்சாலைகள் நினைவுக்கு வந்தன. அங்கே வேலை செய்த பெண்களின் உற்பத்திக் கணக்கை 2014ல் ஜான் பென்கவெல் என்ற பொருளியலாளர் திரும்ப எடுத்துப் பார்த்தார். சுமார் 50 மணி நேரம் வரை நேரத்தோட உற்பத்தியும் ஏறுது. அப்புறம் தளருது. 70 மணி நேரம் நின்னவங்க செய்தது 56 மணி நேரம் நின்னவங்களைவிடப் பெரிசா கூடலை. அதே 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டிலும் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்ப, மே தினத்தன்று வாபஸ் ஆனது.

இன்னொன்றையும் சொல்லிடறேன். சேர்வராயன் மலையில் இன்னைக்கு மலையாளிக் குடும்பங்கள் பலவும் சொந்தமா காப்பி வச்சிருக்காங்க. நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். 1981 திருத்தத்துக்குப் பிறகும் அந்தச் சட்டம் 5 ஹெக்டேரும் 15 ஆட்களும் உள்ள தோட்டங்களுக்குத்தான் இருந்தது. இந்தச் சின்னக் காடுகள் அதுக்குள்ளே வரலை. மார்கழியில் அவங்க வீட்டு ஆட்களே பழம் எடுக்கிறாங்க. எத்தனை மணி நேரம்னு யாரும் எழுதி வைக்கிறதில்லை.